கையில் கொடுத்த இரும்பு

நான் மலையாளத்து ஊரில் சுமடு எடுக்கிறவன். ஆரியசாலைக் கடைத்தெருவில் லாரி வந்து நின்றால் மிளகாய், மல்லி, வெங்காயம், பருப்பு எதுவானாலும் நாங்கள்தான் இறக்க வேண்டும். எங்கள் குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் எத்தனை மூட்டை சுமந்தாலும் சாயங்காலம் கூலி ஒரே பங்குதான். முதுகு போனவனும் முழங்கால் போனவனும் கீழே நின்று மூட்டையைப் பிடித்துவிட்டால் போதும். அவனுக்கும் அதே பங்கு. இதை யாரும் எழுதிவைக்கவில்லை. அதை நம்பித்தான் வேறு எங்கும் போகாமல் கிடக்கிறோம்.

ஒவ்வொருவன் இடுப்பிலும் ஒரு கொக்கி இருக்கும். வளைந்த இரும்பு, மரப்பிடி. மூட்டையின் காதில் மாட்டி இழுக்கிற சாமான். அதை வைத்துத்தான் எல்லாம் நடந்தது.

அன்று காலையில் வெங்காய லாரி. குரூப்பில் எல்லோரும் சுமையோடு கிடங்குக்குள்ளே போயிருந்தார்கள். நான் மட்டும் வெளியே நின்றேன். ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண் தினமும் அந்த வழியாகப் போவாள். முகம் தெரியும், வேறொன்றும் தெரியாது. லாரிக்குப் பின்னால் வந்தவள் அப்படியே விழுந்தாள். கையை ஊன்றவில்லை. மூட்டை விழுகிற மாதிரி விழுந்தாள். கண் வெள்ளையாகிவிட்டது. வாயில் நுரை.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சாவிக்கொத்து இருந்தால் சாவிக்கொத்து. லுங்கியைக் கட்டி மூட்டை தூக்குகிறவனிடம் சாவி எங்கே இருக்கும்? கொக்கி இருந்தது. முனையை வெளிப்பக்கம் திருப்பித்தான் அவள் கையில் வைத்தேன். அவள் கை மூடித் திறந்து மூடியதில் கொக்கி திரும்பிவிட்டது. உள்ளங்கை கிழிந்தது.

அதற்குள் லாரிக்காரன் வண்டியைப் பின்னால் எடுத்தான். அவன் வடக்கன், இந்திக்காரன். கூப்பிட்டால் அவனுக்கு விளங்காது. அவள் கால் துடித்துத் துடித்துச் சக்கரத்துக்குக் கிட்டே போனது. நான் அவள் காலின்மேல் முழங்காலை ஊன்றி, தோளை அழுத்திப் பிடித்தேன். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலிப்பில் வருகிற சத்தம் அலறல் மாதிரித்தான் இருக்கும். லாரி நின்றது. கொஞ்ச நேரத்தில் அவளும் அடங்கினாள். பூக்காரி ஒருத்தி ஓடிவந்து ரத்தத்தைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏற்றி அனுப்பினோம். நான் குழாயில் கொக்கியைக் கழுவிவிட்டு மிச்ச மூட்டையை இறக்கினேன். லாரி போய்விட்டது.

எதிரே கைப்பேசிக்கு உறை, கண்ணாடி விற்கிற கடை. அந்தக் கடைக்காரன் அவள் அலறினபோதுதான் வெளியே வந்திருக்கிறான். வந்ததும் படம் எடுத்திருக்கிறான். நான் கண்டேனா?

மத்தியானம் தாண்டி டீ குடிக்கப் போனேன். டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருவன் முதுகு. கீழே ஒரு பெண். அவள்மேல் முழங்கால். ரத்தக் கை, பக்கத்தில் கொக்கி. அலறல். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதையே போட்டார்கள். என் முதுகை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். யாரோ என்று நினைத்தேன்.

டீ ஆற்றுகிறவர் என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார்.

"ஓய், இது நீரல்லவா?"

"ஆமா."

"என்ன ஓய் செஞ்சீரு?"

"வலிப்பு வந்திச்சு. இரும்பு கொடுத்தேன்."

டிவியில் நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து கத்தினார்கள். குடித்திருப்பான் என்றான் ஒருவன். கஞ்சாவாகத்தான் இருக்கும் என்றாள் ஒருத்தி. இதர சம்ஸ்தானத் தொழிலாளி, வெளிமாநிலத்தான், இப்படிப்பட்ட ஆட்களை எல்லை தாண்டி விடுவது யார் என்று மூன்றாவது ஆள் மேசையைத் தட்டினான். நான் பிறந்தது இதே ஊரில், கிள்ளிப்பாலத்தில். எல்லையில் களியக்காவிளைக்கு அப்புறம், தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்தது என் அப்பா.

"நீரு எப்போ ஓய் வெளியூர்க்காரன் ஆனீரு?" என்று டீக்காரர் சிரித்தார். "பாஸ்போர்ட் உண்டுமா?"

நானும் சிரித்தேன். அந்த டீயைக் குடிக்கவில்லை. அதற்குள் டிவி பார்த்த கூட்டம் வந்துவிட்டது.

முதல் அடி ஹெல்மெட்டால். காதோடு விழுந்தது. பிறகு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் உலகம் கத்துகிற மாதிரி இருந்தது.

"எடா பாண்டி, நின்டெ கொக்கி எவிடெடா?" என்று என் கொக்கியைக் கேட்டான் ஒருவன். பாண்டி என்றால் இங்கே தமிழனுக்கு வசவு.

"பெண்ணைத் தொடுவியாடா? தொடு பார்க்கட்டும், இப்பத் தொடு!"

நான் சொன்னேன். வலிப்பு என்று சொன்னேன். தமிழில் சொன்னேன், மலையாளத்தில் சொன்னேன். வாயில் பூட்ஸ் விழுந்தது. பல்லைத் துப்பினேன். பெஞ்சைத் தூக்கி இடுப்பில் போட்டார்கள். டீக்காரர் குறுக்கே கையை நீட்டினார். கொதிக்கிற பாத்திரத்தை அவர் காலில் கவிழ்த்தார்கள். என்னைவிட அவர்தான் உரக்கக் கத்தினார்.

தெருவில் இழுத்துப் போட்டார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன. காலையில் வணக்கம் சொல்கிற முகங்கள். ஒரு அம்மா குடையின் கூரால் தொடையில் குத்தினாள். அடிக்கிறவர்களைவிடக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தவர்கள் அதிகம். தாடிக்குச் செம்பட்டை மை போட்ட ஒருவன் என் இடுப்பிலிருந்து கொக்கியை உருவினான். "இதானே, இதானே?" என்று எல்லோருக்கும் காட்டினான். அப்புறம் என் வலது தோளில் இறக்கினான். இறக்கிவிட்டு மூட்டையை இழுக்கிற மாதிரி இழுத்தான். தோளுக்குள்ளே ஏதோ அறுந்தது. அந்தச் சத்தம் எனக்கு உள்ளேயிருந்து கேட்டது.

போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து கேட்டார். "நடக்க முடியுமாடோ?"

"முடியும் சாரே."

எழுந்தேன். விழுந்தேன். தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். அதை என் பெண்டாட்டி பிறகு சொன்னாள். வெளியே நிறுத்தியிருந்த என் சைக்கிளை சாக்கடையோரம் போட்டு பெட்ரோல் ஊற்றி எரித்தார்கள். ஒரு கல் வந்து அவள் புருவத்தைக் கிழித்தது. அவள் வெட்டுக்கத்தியோடு வாசலில் நின்றாள்.

"சேச்சி, உங்களை ஒண்ணும் செய்ய வரல. ஆளு எங்க?" என்று ஒருவன் கேட்டானாம்.

"ஆளு ஆஸ்பத்திரியில கெடக்காரு. பாதி கொன்னாச்சு. மீதிப் பாதிக்கு வந்தீளா?"

அவன் கதவு நிலையில் கையை வைத்தான். அவள் அவன் விரலுக்குப் பக்கத்தில் மரத்தில் ஒரு வெட்டுப் போட்டாள். "அடுத்தது மரத்தில விழாது, கேட்டியா?" என்றாள். கையை எடுத்துக்கொண்டார்கள். வெட்டுக்கத்தியோடு அவள் நின்றதும் படமாக ஊரெல்லாம் போனது. புருஷனுக்கேற்ற பெண்டாட்டி என்று கீழே எழுதினார்களாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஓரத்துக் கட்டிலில் என்னைப் போட்டார்கள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் காவல். பெண்ணைக் கொல்லப் பார்த்ததாகக் கேஸ். ஜாமீன் இல்லை. தோளுக்கு ஆபரேஷன் செய்தார்கள். கை இனி காதுக்கு மேலே போகாது என்று டாக்டரம்மா சொன்னாள். சின்ன வயது. கோபமாகப் பேசுகிறவள். என்ன நடந்தது என்று அவள் மட்டும்தான் முழுதாகக் கேட்டாள். சொன்னேன்.

"இரும்பு கொடுத்தா வலிப்பு நிக்குமா?"

"நிக்கும்."

"நிக்காது. அது தன்னால நிக்கும். நீங்க இரும்பு கொடுத்தாலும் நிக்கும், இலந்தப்பழம் கொடுத்தாலும் நிக்கும். ஒருச்சாய்ச்சுப் படுக்க வைக்கணும். அமுக்கிப் பிடிக்கப்பிடாது."

"லாரி வந்துச்சே."

"லாரி வந்தா தள்ளி இழுத்துப் போடணும்" என்றாள். "கையில கூர்ச் சாமானைக் கொடுக்க உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

எல்லோரும் செய்கிறார்கள், செய்தேன். அவள் காவல் போலீஸ்காரரைப் பார்த்து, "இவரு அந்தப் பெண்ணைக் குத்தல. முட்டாத்தனம் செஞ்சாரு, அவ்வளவுதான். எழுதிக்கோ" என்றாள். அவர், "டாக்டர் அங்க நின்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். அவள் போய்விட்டாள்.

பார்த்தவர்கள் யாரும் இல்லை. லாரிக்காரன் எந்த ஊர் என்றே தெரியாது. ஆட்டோக்காரன் தன் வண்டியையும் கொளுத்திவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. பூக்காரி ரத்தத்தைத்தான் பார்த்தாள், அதைத்தான் சொன்னாள். நிஜமும் அதுதான். மிச்சம் இருந்தது அந்தப் பெண் ஒருத்தி.

அவளுடைய அப்பா டிவியில் வந்தார். நம்ம ஆட்கள்தான், பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். "எனக்க மோளுக்கு ஒரு தீனமும் கெடயாது. நல்ல ஆரோக்கியம் உள்ள பிள்ள" என்று சொல்லிவிட்டு அழுதார். அவளுக்கு நாகர்கோவிலில் கல்யாணம் பேசி உறுதியாகியிருந்தது. தீனம் உண்டு என்று தெரிந்தால் கல்யாணம் நிற்கும். இல்லை என்று சொன்னால் நான் உள்ளே போவேன். அவர் தன் மகளைப் பார்த்தார். அந்த இடத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்னமோ.

கன்வீனர் பார்க்க வந்தார். எங்கள் குரூப்புக்குத் தலைவர். என்னோடு ஒன்றாகச் சுமடு எடுக்கத் தொடங்கியவர். கட்டிலில் உட்காரவில்லை.

"குரூப்பிலேர்ந்து உம்ம பேரை எடுத்தாச்சு" என்றார்.

"கேஸ் முடியட்டுமே."

"சனம் கொதிச்சு நிக்குது ஓய். யூனியன் ஆபீஸ் கண்ணாடியை ஒடச்சாச்சு. நான் என்ன செய்யட்டு?"

"எனக்க கையைப் பாரும். காதுக்கு மேல போகாதாம்."

அவர் பார்த்தார். இந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு யாரும் எனக்கு வேலை தர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். கீழே நின்று மூட்டை பிடிக்கிற அந்த ஒரு இடம்தான் எனக்கு மிச்சம். அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டு போனார்.

என் பெண்டாட்டி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். நான் போகச் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டிருக்கிறாள்.

"சாரே, நான் சண்டைக்கு வரல. உங்க மோளு கல்யாணம் நல்லா நடக்கட்டும். அந்த மாப்பிள்ளை வீட்டுக்கிட்டச் சொல்லாண்டாம். போலீஸ்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க."

"போலீஸ்ல சொன்னா டிவியில வராதா? எறங்கிப் போ."

"எனக்க ஆளு சாவக் கெடக்காரு."

"செத்தா எங்களுக்கென்ன?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து பிடித்துத் தள்ளினான். இவள் சாக்கடையில் விழுந்தாள். மணிக்கட்டு பிசகியது. எழுந்து நின்று பார்த்தபோது மாடி ஜன்னலில் அந்தப் பெண் நின்றாளாம். கையில் வெள்ளைக் கட்டு. "அவ எல்லாத்தையும் கேட்டா" என்று என்னிடம் சொன்னாள். "கண்ணை எடுக்காமப் பார்த்தா. அவளுக்க மூஞ்சியும் வீங்கி இருக்கு. அந்த வீட்டிலயும் அடி நடக்குது."

அந்தப் பெண் வீட்டைவிட்டு வந்துவிட்டாள். இரண்டு மூன்று நாள் கழித்து, தனியாக, பஸ் ஏறி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். எனக்கு வலிப்பு உண்டு, சின்னதிலிருந்து மாத்திரை தின்கிறேன், அன்று காலையில் தின்னவில்லை என்று சொல்லிவிட்டாள். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள். அவளுடைய உதடு கிழிந்திருந்ததாம். யார் அடித்தது என்று கேட்டதற்கு, அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் இதை எழுதுங்கள் என்றாளாம். காவல் போலீஸ்காரர்தான் எனக்குச் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் ஓர்மை இல்ல அண்ணே. விழுந்தது கூட இல்ல."

"கை எப்படி இருக்கு?"

"தையல் போட்டிருக்கு. ரெண்டு விரல் மடங்கல." பிறகு சொன்னாள். "அதையும் எழுதச் சொல்லியிருக்கேன். உங்க கொக்கிதான் கிழிச்சதுன்னு."

"சரியாத்தான் சொன்னே."

"கல்யாணம் நின்னு போச்சு."

அவள் என் தோளைப் பார்த்தாள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன். போய்விட்டாள். அன்றைக்கே ஊரைவிட்டு வித்துராவில் கூடப் படித்த கூட்டுக்காரி ஒருத்தி வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

என்னை விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அதே மைக்குகள். அதே டிவி. பாவம் என்றார்கள். நிரபராதி என்றார்கள். கோபம் இல்லையா, கோபம் இல்லையா என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே கூட நடந்தாள். "தோள் வலிக்குது" என்றேன். அது அவளுக்குப் போதவில்லை. அன்று பொழுதுக்கும் நாலு கட்டத்துக்குள் நாலு பேர் உட்கார்ந்து, படம் எடுத்த அந்தக் கடைக்காரனைத் தின்றார்கள். அவன் கடைப் பெயர், கடை இருக்கிற இடம், அவன் பெண்டாட்டி போட்டோ, எல்லாம் கைப்பேசியில் சுற்றியது.

மறுநாள் காலையில் கன்வீனர் வீட்டுக்கே வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். சட்டையில்லாத என் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"வாரும் ஓய். உம்ம எடம் அப்படியே கெடக்கு. கீழ நின்னு புடிச்சாப் போதும். உமக்குப் பங்கு உண்டு."

என் பெண்டாட்டி உள்ளேயிருந்து, "இப்பச் சனம் கொதிக்கலியோ?" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "சின்னக் காரியம் ஒண்ணு இருக்கு. எங்க கூட அந்தப் படம் எடுத்தவன் கடைவரைக்கும் வரணும்" என்றார்.

போனேன். இடம் கிடைக்கும் என்றுதான் போனேன். ஆரியசாலை மூலையில் கூட்டம் நின்றது. என்னைக் கண்டதும் கைதட்டினார்கள். ஒருவன் மாலை போட்டான். தோளில் பட்டபோது உயிர் போயிற்று. என்னை முன்னால் விட்டுத் தள்ளிக்கொண்டே போனார்கள். எனக்குப் பக்கத்தில் என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் கத்திக்கொண்டு வந்தான். "அண்ணாச்சிக்கு நீதி வேணும்! அண்ணாச்சிக்கு நீதி வேணும்!" திரும்பிப் பார்த்தேன். செம்பட்டைத் தாடி. அவனுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது. வெட்கமே இல்லை. இன்னொரு கையில் ஹெல்மெட் வைத்திருந்தான்.

கடைக்காரன் அப்போதுதான் ஷட்டரை உயர்த்தியிருந்தான். முப்பது வயது இருக்கும். கூட்டத்தைக் கண்டு உள்ளே ஓடினான். ஒருவன் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான். தொங்கிய உறைகளெல்லாம் அறுந்து சிதறின. கண்ணாடி மேசை உடைந்து அவன் முழங்கை கிழிந்தது.

"அண்ணாச்சி அடிக்கட்டும்! மொதல் அடி அண்ணாச்சிக்கு!" என்று கத்தினார்கள். கைப்பேசிகள் மேலே எழும்பின.

அவன் என்னைப் பார்த்தான். "சேட்டா, நான் கண்டதைத்தான் போட்டேன். சத்தியமா."

"எதைக் கண்டே?"

"உங்க முதுகை."

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். இடது கை. அவன் மூக்கில் போட வேண்டும் என்று இருந்தது. நிஜமாகவே இருந்தது. அதற்குள் ஹெல்மெட் விழுந்தது. அவன் காதில். அந்தச் சத்தத்தை நான் வெளியேயிருந்து கேட்டது அதுதான் முதல். ஓங்கின கை அப்படியே நின்றது. தாடிக்காரன் இரண்டாவது முறை ஓங்கினான். என் மாலை அவன் கைக்குள் சிக்கியது. அதைப் பிடித்து இழுத்தேன். அவன் தடுமாறினான். நான் கடைக்காரனைக் கழுத்தோடு பிடித்துக் கடைக்குள் தள்ளினேன். பிறகு ஷட்டர்க் கயிற்றில் தொங்கினேன். தோள் தையல் விட்டது. ஷட்டர் இறங்கியது. தாடிக்காரன் விரல் அதில் மாட்டியது. அலறினான். அதை உதைத்து வெளியே தள்ளிவிட்டு முழுக்க இறக்கினேன்.

உள்ளே இருட்டு. பூட்டு வெளியேதான் மாட்ட முடியும். அதனால் ஷட்டரின் அடித்தகட்டின்மேல் நான் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றேன். வெளியே தகரத்தில் உதைத்தார்கள். கல் விழுந்தது. தகரம் உள்பக்கமாக நெளிந்து என் முழங்காலில் குத்தியது.

"அவனும் இவனும் ஒண்ணுதான்! பாண்டியைப் பிடிச்சு வெளிய இழு!" என்று யாரோ ஒருவன் கத்தினான். மாறுவதற்கு அவ்வளவு நேரம்தான் ஆனது.

பிறகு கன்வீனர் குரல். தகரத்துக்குக் கிட்டே வந்து பேசினார்.

"ஓய், பைத்தியமா உமக்கு? கதவைத் தெற. அவன் நாலு அடி வாங்கட்டும், அவனுக்கு உள்ளது. நாளைக்குக் காலம்பற நீரு வந்து நில்லும். தொறக்கலேன்னா இந்தத் தெருவில உமக்குச் சோலி இல்ல. நான் வாக்கு மாத்த மாட்டேன்."

அவர் மாற்ற மாட்டார் என்று எனக்குத் தெரியும். வேறு இடம் இல்லை என்பதும் தெரியும். வீட்டில் ஒருத்தி மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு அரிசி பொறுக்கிக்கொண்டிருப்பாள் என்பதும் தெரியும். அந்தக் கடைக்காரன்மேல் எனக்கு இரக்கம் ஒன்றும் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. காலைத் தூக்கினால் ஷட்டர் தானே உயரும். நான் தூக்கவில்லை.

"கேட்டீரா ஓய்?"

"கேட்டேன்" என்றேன்.

ஒரு மூலையில் கம்பியை நுழைத்து நெம்பினார்கள். வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்தது. கடைக்காரன் தரையில் உடைந்த கண்ணாடிமேல் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தான். விரலிடுக்கில் ரத்தம்.

"சேட்டா, இவங்க போயிட்டா நீங்க என்னை அடிப்பீங்களா?"

"தெரியாது" என்றேன். "அந்த மூலையில தகட்டுமேல ஏறி நில்லு. கம்பி உள்ள வருது."